மன்மதன் நெஞ்சில் ஒரு குடை

என் மாமா வருடத்துக்கு ஒரு தடவை சாவார். மாசி மாதத்தில், பொழுது விடிகிற நேரத்தில், தோட்டத்து மைதானத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க எரிந்து சாம்பலாவார். மூன்றாம் நாள் எழுந்து வந்து எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது இப்படித்தான் நடந்து வந்தது. ஆகையால் மாமா சாவதைப் பற்றி நான் கவலைப்பட்டதே கிடையாது. ஒரே ஒரு வருடம் மட்டும் கவலைப்பட்டேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லப்போவது அந்த வருடத்துக் கதை.

எங்களுடையது ஹுன்னஸ்கிரியச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மாசி பிறந்தால் காமன் கூத்து. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிவன் கண்ணை மூடித் தவத்தில் இருக்கிறார். அவரை எழுப்பிவிடலாம் என்று மன்மதன் ஒரு பூ அம்பை விடுகிறான். சிவனுக்குக் கோபம் வந்து நெற்றிக்கண்ணைத் திறக்கிறார். மன்மதன் எரிந்துபோகிறான். அவன் பெண்சாதி ரதி விழுந்து புரண்டு அழுகிறாள். மூன்றாம் நாள் அவனுக்கு உயிர் திரும்பி வருகிறது. இவ்வளவுதான் கதை. ஆனால் இதை ஆடுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே மைதானத்தில் கம்பம் ஊன்றி, ஆடுகிறவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டியவர் அன்றிலிருந்து விரதம். பகலில் ஒரு வேளை மட்டும் பச்சரிசிச் சோறு. மீன், இறைச்சி கூடாது. படுக்கை கம்பத்துக்குப் பக்கத்துக் குடிசையில். நடுவில் காப்பை அவிழ்த்தால் அந்த வருடம் கூத்து இல்லை. கூத்து நின்றால் தோட்டத்துக்கே ஆகாது என்பார்கள்.

மன்மதன் எங்கள் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, பெக்டரியில் கொழுந்து அரைக்கிற இடத்தில் வேலை. நெடுநெடுவென்று ஒல்லியாக, கை விரல்கள் எல்லாம் நீளநீளமாக இருப்பார். நானும் அதே அச்சு. "மாமன உரிச்சு வச்சிருக்கான்" என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். ரதி எங்கள் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கட்டையாக, குண்டாக, கொழுந்து லொறி ஓட்டுகிறவர். வருடம் முழுவதும் ஒரு பெரிய மீசையை வளர்த்து, மாசியில் அதை எடுத்துவிட்டுச் சேலை கட்டுவார். மீசை எடுத்த அன்றைக்கு சித்தி அவரோடு பேச மாட்டாள். அப்பா தப்பு என்கிற பறை அடிப்பவர். இப்படிக் கூத்தில் பாதி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

இந்த விரதத்தில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. தடை சோற்றுக்குத்தான், சாயத்தண்ணிக்கு இல்லை. பால் கலக்காத தேத்தண்ணியை நாங்கள் சாயத்தண்ணி என்போம். கூத்து நாட்களில் பொழுது சாய்ந்தால் ரதியும் மன்மதனும் தப்புச் சத்தத்தோடு லயம் லயமாகப் போவார்கள். வீட்டுக்கு வீடு ஆலாத்தி எடுத்து, ஆளுக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணி நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்காரம்மா அடுத்த மாசி வரைக்கும் மறக்க மாட்டாள். கீழே ஊற்றவும் கூடாது. சாமிக்குக் கொடுத்தது. அதுவும் எங்கள் தோட்டத்துச் சாயம் எப்படி இருக்கும் தெரியுமா? விரலை விட்டால் விரல் தெரியாது.

அந்த வருடம் காப்புக் கட்டிச் சில நாட்கள்தான் ஆகியிருக்கும். ஆடிக்கொண்டிருந்த மாமா திடீரென்று நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தப்பை நிறுத்தினார்.

"என்னா மச்சான், என்னா செய்யுது?" என்று சித்தப்பா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

மாமா ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு சொன்னார். "வெளியில தப்பு ஒரு தாளத்துல அடிக்குது. உள்ளுக்குள்ள வேற ஒரு தாளம். எதுக்கு ஆடுறதுன்னே தெரியல மச்சான்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அவர் மேலுதடு வேர்த்திருந்ததை நான் பார்த்தேன். அப்படி அடிப்பது அது முதல் தடவை இல்லையாம், காப்புக் கட்டினதிலிருந்தே அப்படித்தானாம். படபடவென்று அடிக்கும், ஒரு அடி தப்பும், பிறகு குதிரை மாதிரி ஓடும், சில நேரம் ஊசி குத்துவது போல ஒரு வலி வந்து போகும். மன்மதனுக்கு நோய் என்றால் கூத்து நின்றுவிடுமே என்று ஒளித்துவிட்டார். பிள்ளைகளே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நெஞ்சு தாளம் தப்பினால் வீட்டில் சொல்லிவிடுங்கள். கூத்து அடுத்த வருடமும் வரும்.

எங்கள் தோட்டத்தில் எந்த நோய்க்கும் முதல் மருந்து சூடாக ஒரு கோப்பை சாயத்தண்ணிதான். தலைவலிக்கும் அதுதான், மாமியார் சண்டைக்கும் அதுதான். மாமா உட்கார்ந்த உடனே இஞ்சி தட்டிப் போட்டு ஒரு கோப்பை வந்தது. அதைக் குடித்ததும் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. "பத்தல போலருக்கு" என்று இன்னொரு கோப்பை வந்தது.

அம்மாவுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. மறுநாள் மாமாவைத் தோட்டத்து மருந்துக்காரரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே ஏதோ ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்கிறது, கண்டிப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டலாமா? கூத்து வாத்தியாரைக் கேட்டார்கள். அவர் மோவாயைத் தடவி யோசித்து, "பொழுது சாயிறதுக்குள்ள திரும்பி வந்துரணும். தனியாப் போகக் கூடாது. ரத்த சம்பந்தம் ஒருத்தர் கூடப் போகணும்" என்றார். அம்மாவுக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. ஆகவே ரத்த சம்பந்தமாக நான் போனேன். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதால் மாமாவின் நோய் எனக்கு அன்று பிடித்திருந்தது.

தெல்தெனிய, திகன, குண்டசாலை என்று பஸ் இறங்கிக்கொண்டே போனது. மாமா வழியெல்லாம் பகிடி பேசிக்கொண்டு வந்தார். கண்டி வாவி கண்ணுக்குத் தெரிந்ததும் கையிலிருந்த காப்பைத் திருகத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பக்கத்து டாக்டரம்மா. கண்ணாடி போட்டவர். மாமாவின் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்து, "இது என்ன விரதம்?" என்று கேட்டார்.

"மன்மதனுங்க" என்றார் மாமா.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஒட்டிய கன்னமும், சவரம் செய்யாத தாடியும், றப்பர் செருப்புமாக மாமா உட்கார்ந்திருந்தார். "ஆர் மன்மதன்?"

"நாந்தாங்க."

தாதி அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிறவர்கள் செய்வது போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நெஞ்சு நோகுமோ?"

"ஊசி குத்துற மாதிரி வரும். போயிரும்."

"தலை சுத்துமோ?"

"சட்டுன்னு எந்திரிச்சா சுத்துதுங்க."

"ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி குடிக்கிறனீங்கள்?"

மாமா யோசித்தார். "வீட்டுக்கு ஒன்னுங்க."

"உங்கட வீட்டில எத்தினை பேர்?"

"அப்படி இல்லங்க டாக்டரம்மா. ஒரு வீட்டுக்கு ஒன்னு."

"அப்ப எத்தினை வீடு?"

மாமா விரல்களை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். "மேல் லயம் மட்டும் சொல்லவா, கீழ் லயத்தையும் சேத்துச் சொல்லவா?"

டாக்டரம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு குழாயை வைத்துக் கேட்டார். படுக்கச் சொல்லிக் கேட்டார். எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். குந்தி உட்காரச் சொன்னார், திரும்பவும் எழும்பச் சொன்னார். கூத்தில்கூட மாமா அத்தனை தடவை குந்தி எழும்பியது கிடையாது. பிறகு எங்களை ஓர் இருட்டு அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு சின்ன டெலிவிஷன் இருந்தது. படம் போடுவார்கள் என்று நான் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமாவின் நெஞ்சில் பசை மாதிரி ஏதோ தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தினார்கள். டெலிவிஷனில் புகைமூட்டத்துக்குள்ளே ஏதோ பட்டாம்பூச்சி மாதிரி செட்டையடித்தது. அதுதான் மாமாவின் இருதயம் என்றார் டாக்டரம்மா. மன்மதனின் இருதயத்துக்கு அது மிகவும் சிறியதாக எனக்குப் பட்டது.

திரும்பி அறைக்கு வந்ததும் மாமா கேட்டார். "நான் செத்துப்போவேனாங்க?"

"இதால சாக மாட்டீங்கள். பயப்பிடாம இருங்கோ" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா எழுந்து, மூலையில் சாத்தியிருந்த தன் குடையை எடுத்து விரித்தார். அறைக்குள்ளே குடை விரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். "இருதயத்துக்குள்ள மேல் அறை, கீழ் அறை எண்டு இருக்கு. இடையில ஒரு வாசல். அந்த வாசலை மூடுறதுக்கு ரெண்டு மெல்லிய இதழ். குடைத்துணியைக் கம்பி பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி, இதழை நூல்கள் பிடிச்சு வச்சிருக்கும். மைட்ரல் வால்வு எண்டு சொல்லுவம். உங்கட இதழ் கொஞ்சம் பெருசு, கொஞ்சம் தொளதொளப்பு. இருதயம் அமுக்கேக்க, காத்துக்குக் குடை மற்றப் பக்கம் உப்புதெல்லோ, அப்பிடி மேல் பக்கம் உப்புது. உப்பேக்க டிக் எண்டு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்."

"எப்பங்க அப்படி ஆச்சு?"

"ஆகேல்லை. பிறக்கேக்கையே உங்கட இதழ் அப்பிடி. கனபேருக்கு இருக்கு. முக்கால்வாசிப் பேருக்கு இருக்கிறதே தெரியாது. நீங்கள் பட்டினி கிடந்து, நித்திரை முழிச்சு, சாயத்தை ஊத்தி அதை ஆட வச்சிருக்கிறீங்கள்."

அறுவை வேண்டாம், இப்போதைக்கு மாத்திரையும் வேண்டாம் என்றார். தேத்தண்ணியைக் குறைக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், படபடப்பு வந்தால் உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட வேண்டும். மயக்கம் போட்டாலோ, மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ உடனே வர வேண்டும். கூத்து ஆடலாம், ஆனால் வெறும் வயிற்றோடு ஆடக்கூடாது. கடைசியாக, "பல்லுப் பிடுங்கப் போனால் இந்த வால்வு விசயத்தைப் பல் டொக்டரிட்ட முதல்லயே சொல்லிப்போடோணும்" என்றார்.

"நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"பல்லில இருக்கிற கிருமி ரத்தத்தோட போய் அந்த இதழில குடியிருக்கப் பார்க்கும். அதுக்கு முன்னுக்கே மருந்து தருவினம்."

மாமா தன் பல்லை நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன் போல. டாக்டரம்மா அதை என் காதில் மாட்டி மாமாவின் நெஞ்சில் வைத்தார். லப், டப் என்று சொல்வார்களே, அதற்கு நடுவில், தகரக் கூரையில் ஒரு சொட்டு மழை விழுந்த மாதிரி ஒரு டிக். லப், டிக், டப். நான் அதைக் கையால் மேசையில் தட்டிக் காட்டினேன். "நல்ல காது" என்றார் டாக்டரம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது மாமா என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவன் நெஞ்சையும் ஒருக்கா பாத்துருங்க டாக்டரம்மா. என்னைய மாதிரியேதான் வளந்துட்டு வர்றான்" என்றார்.

டாக்டரம்மா கேட்டார். என்னையும் நிற்கச் சொன்னார், குந்தச் சொன்னார், எழும்பச் சொன்னார். இது ஏதோ போட்டி போலிருக்கிறது என்று நான் மாமாவைவிட வேகமாகக் குந்தி எழும்பினேன். டெலிவிஷன் அறைக்கும் கூட்டிப்போனார்கள். பசை குளிர்ந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகச் செய்ததற்குப் பரிசு போலத் தாதி அம்மா என்னை வெளியே அழைத்துப்போய் இரண்டு கையிலும் பிஸ்கட் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது மாமா சேர்ட் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா, "வருசத்துக்கு ஒருக்கா வாங்கோ. ரெண்டு பேருமா வாங்கோ" என்றார். என்னை அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது திகனயில் பஸ் கொஞ்ச நேரம் நின்றது. கடையில் எல்லோரும் தேத்தண்ணி குடித்தார்கள். எனக்கும் ஒன்று கேட்டேன். மாமா ஒரு கிளாஸ் பால் வாங்கிக் கொடுத்தார். பால். கைக்குழந்தைக்குக் கொடுப்பதைப் போல, அத்தனை பேர் முன்னால். அதைக் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடும்போது உனக்கு நெஞ்சு எதும் படபடங்குதாடா?" என்று கேட்டார். தன்னைப் போல எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை போலிருக்கிறது என்று எண்ணி, "எனக்கு ஒன்னும் இல்ல" என்று முறைப்பாகச் சொன்னேன்.

பொழுது சாயுமுன் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். மாமா குடை விசயத்தை அம்மாவிடமும் சித்தப்பாவிடமும் சொன்னார். அதன் பிறகு அவர்களிருவரும் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். காலையில் அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் செய்தி இப்படி இருந்தது: மன்மதன் நெஞ்சுக்குள்ளே ஒரு குடை மடங்கிக் கிடக்கிறது. கொழுந்துக்குப் போன ஒரு பெண் மாமாவைக் கண்டதும் விரித்திருந்த குடையை அவசரமாக மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாத்தியார் மாமாவைத் தனியே கூப்பிட்டு, "அதை வெளியில இருந்தே நிமித்த ஒரு வழியும் இல்லையாமா?" என்று கவலையோடு கேட்டார்.

"அது அப்படியேதாங்க இருக்கும். ஆடலாம்னு சொல்லிட்டாங்க. சோறு ரெண்டு வேளை, சாயத்தண்ணி குறைக்கணும்."

இரண்டு வேளைச் சோற்றுக்கு வாத்தியார் உடனே சம்மதித்தார். சாயத்தண்ணிதான் அவரை யோசிக்க வைத்தது. வாங்காமல் இருக்க முடியாது, ஊற்ற முடியாது. ரதி குடிக்கலாம் என்றால் ரதிக்கு ஏற்கெனவே தனிக் கோப்பை. இன்னொரு பங்கையும் குடித்தால் நடு ஆட்டத்தில் சேலையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது என்று சித்தப்பா கேட்டார். அதுவும் நியாயம். கடைசியில் வாத்தியார் மோவாயைத் தடவியபடி என் பக்கம் திரும்பினார்.

"மருமவன் குடிச்சா மாமன் குடிச்ச மாதிரிதான். பயல் கூடவே வரட்டும். கோப்பைய மன்மதன் கையில வாங்கி, அவன் வாயில குடுத்துரலாம்."

பிள்ளைகளே, அந்த நேரத்தில் நான் அடைந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் எனக்கு அரைக் கோப்பைதான். இப்போது தோட்டம் முழுவதும், வீட்டுக்கு வீடு, சீனி போட்டு, சாமி காரியமாக. நான் ஏற்கெனவே மேல் லயத்தில் முதல் வீடு எது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"வேணாம்" என்றார் மாமா. "அவனுக்குக் குடுக்காதீங்க. நானே குடிச்சிக்கிறேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சித்தப்பா, "டாக்டரம்மா இம்புட்டு தூரம் சொல்லியும் சாயத்தண்ணிய விட மனசு வரல பாருங்க. மச்சான், ஒரு சின்னப் பயலுக்குக்கூட விட்டுக்குடுக்க மாட்டீங்களா?" என்று சிரித்தார். அம்மா ஏதாவது எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து மாமாவோடு நான் பேசவில்லை. ஆனாலும் சாயந்திரம் பின்னாலேயே போவேன். எங்காவது மனம் மாறி ஒரு கோப்பையை என் பக்கம் நீட்டுவார் என்று ஒரு நப்பாசை. அவர் நீட்டவில்லை. ஒவ்வொரு வாசலிலும் வாங்கி, இரண்டு மிடறு தான் குடித்து, மிச்சத்தைக் கோப்பையோடு கும்பிட்டு அந்த வீட்டுக்காரருக்கே பிரசாதமாகத் திருப்பிக் கொடுத்தார். வாத்தியார் இது முறையா என்று நெற்றியைச் சுருக்கினார். ஆனால் வீட்டுக்காரர்களுக்குச் சந்தோசம். மன்மதன் வாய் பட்ட தண்ணி அல்லவா. எனக்குத்தான் வயிறு எரிந்தது. இரண்டு மிடறானாலும் எத்தனை வாசல். சில வாசல்களில் அவர் ஓரமாகப் போய்க் குந்தி, நெஞ்சில் கை வைத்து மெதுவாக மூச்சு விடுவதைப் பார்த்தேன். அந்த நேரங்களில் எனக்குக் கோபம் போய்ப் பயம் வரும். அவர் எழுந்து அடுத்த கோப்பையை வாங்கியதும் பயம் போய்க் கோபம் வரும். ஒரு நாள் கீழ் லயத்தில் ஓர் அக்கா இரக்கப்பட்டு எனக்கென்று தனியாக ஒரு கோப்பை கொண்டுவந்தாள். உதட்டில் வைப்பதற்குள் ஒரு நீளக் கை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. மன்மதன் அதையும் குடித்தார்.

எரிகிற நாள் வந்தது. எல்லா லயங்களையும் சுற்றிவிட்டு ரதியும் மன்மதனும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது கிழக்கே வெளுத்துவிட்டது. மாமா அன்றைக்கு ஆடியது போல எந்த வருடமும் ஆடியதில்லை. அம்பு விட்டார். மேடையில் இருந்த சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். அதாவது ஒரு கம்பி வழியாக வாணம் ஒன்று சீறி வந்து கம்பத்து வைக்கோலைப் பற்றவைத்தது. மாமா மூன்று சுற்றுச் சுற்றி, கையை விரித்து, பொத்தென்று விழுந்தார். வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். தப்பு நின்றது. சித்தப்பா ஓடி வந்து முந்தானையை விரித்து ஒப்பாரியைத் தொடங்கினார். அவர் அழுதால் கல்லும் கரையும். பெண்களெல்லாம் விம்மினார்கள்.

நான் துணியைப் பார்த்தேன். அது அசையவில்லை. மற்ற வருடங்களில் கூர்ந்து பார்த்தால் வயிற்றுப் பக்கம் லேசாக ஏறி இறங்கும். எனக்கு அது தெரியும். இந்த வருடம் அதுவும் இல்லை. டாக்டரம்மா சொன்னதைக் கேட்காமல் சாயத்தண்ணி ஆசையால் மாமா நிசமாகவே செத்துப்போய்விட்டார், இவர்களோ பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஓடினேன். யாரோ பிடிக்க வந்தார்கள், அகப்படவில்லை. துணியை இழுத்துவிட்டு மாமாவின் நெஞ்சில் காதை வைத்தேன். முதலில் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு கேட்டது. லப், டிக், டப். என் சந்தோசத்தில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"மாமா சாகல, குடை சத்தம் கேக்குது!"

முதலில் மேல் லயத்துக் கிழவர் ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். சிவன் மேடையில் திரும்பி நின்றுகொண்டார். சித்தப்பா மட்டும் மார்பில் அடித்துக்கொண்டே, ஒப்பாரி ராகத்தை விடாமல், பல்லுக்கிடையில் சொன்னார்:

"எந்திரிச்சுப் போடா. நான் இப்பத்தானேடா அழ ஆரம்பிச்சேன்."

கீழேயிருந்து இன்னொரு குரல், உதடு அசையாமல் வந்தது. "காத எடுடா. கூசுது."

நான் எடுக்கவில்லை. இன்னொரு டிக் கேட்டுவிட்டு எழும்பலாம் என்று இருந்தேன். அப்போது துணிக்கடியிலிருந்து மாமாவின் கை வந்து என் நெஞ்சில் பட்டது. நீள விரல்கள் விரிந்து அங்கேயே இருந்தன. என்னைத் தள்ளுகிறார் என்று புரிந்துகொண்டு, அவமானத்தோடு எழுந்து அம்மாவிடம் ஓடிப்போனேன்.

மூன்றாம் நாள் மாமா உயிர்த்தெழுந்து வந்து கோழிக்குழம்பு சாப்பிட்டார். குடும்பமே எனக்குக் குடைக்காது என்று பேர் வைத்துவிட்டது. மாமா அதன் பிறகும் வெகுகாலம் செத்துச் செத்துப் பிழைத்தார். ஒவ்வொரு வருடமும் கண்டிக்குப் போகும்போது துணைக்கு என்று என்னையும் கூட்டிக்கொண்டு போவார். டாக்டரம்மா விளையாட்டுக்கு என்று என் நெஞ்சிலும் குழாயை வைப்பார். எங்கள் வீட்டில் மட்டும் எனக்கு அரைக் கோப்பையும் நின்றுபோய்ப் பால் வந்துவிட்டது. அது எதற்கோ தண்டனை என்று எண்ணியிருந்தேன்.

எனக்கு மீசை முளைத்த பிறகு, குண்டசாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கடைவாய்ப் பல் படுத்திவைத்தது. பிடுங்கப் போகிறேன் என்று வீட்டுக்கு வந்தபோது சொன்னேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "பல் டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிரு" என்றாள்.

"எதச் சொல்ல?"

"நெஞ்சுல குடை இருக்குறத."

"அது மாமாவுக்குத்தானே?"

அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "நீ பயந்துருவேன்னு மாமன்தான் சொல்ல வேணாம்னான். அப்புறம் நீயா தெரிஞ்சிருப்பேன்னு நெனச்சேன். இத்தன வருசமா எதுக்குடா ஒன்னைய கண்டிக்குக் கூட்டிட்டுப் போனான், ஊர் பாக்கவா?" சோற்றில் குழம்பை ஊற்றினாள். "ஒரு கோப்பைத் தண்ணிகூட ஒன் வாயில படக்கூடாதுன்னு அவன் குடிச்சான். ஒரு கோப்பையில ஒன்னும் ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அவன் கேட்டாத்தானே."

எனக்கு அந்த இதழால் இன்றுவரை ஒரு தொல்லையும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வருகிறேன். தேத்தண்ணி ஒரு கோப்பை குடிக்கிறேன். அந்தக் கோப்பையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மைதானத்தில் கிடந்த மன்மதனின் கை என் ஞாபகத்துக்கு வரும். தள்ளுகிற கை அவ்வளவு நேரம் நெஞ்சில் இருக்காது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.